சஹர் அடுப்பும் உம்மாவின் ஒற்றைத் தலைவலியும்

ரமலான் முதல் நோன்பு அன்னைக்கு அஸர் பாங்குக்கு (சாயங்காலத் தொழுகை அழைப்புக்கு) முன்னாடியே எங்க உம்மாவுக்கு இடது நெத்திப் பொட்டு தெறிக்க ஆரம்பிச்சிடும். ஜன்னலைச் சாத்தி இருட்டுல படுத்திருப்பாங்க. நோன்புக் கஞ்சி வாசனைக்கே குமட்டும். மாத்திரை போட்டா நோன்பு முறிஞ்சிடுமேன்னு நோன்பு திறக்குற மஃரிப் வரைக்கும் பல்லைக் கடிச்சிட்டு இருப்பாங்க. அதுக்குள்ள வலி முத்திடும். அப்புறம் போடுற மாத்திரை வாந்தியோட போயிடும்.

"பசிதான், ரெண்டு பேரீச்சம்பழம் கூட சாப்பிடுங்க"ன்னு சொல்லாதவங்க இல்ல. பசியும் ஒரு காரணம்தான். ஆனா தூக்கத்தை யாருமே கணக்குல எடுக்கல. தராவீஹ்ங்கிற இரவுத் தொழுகை முடிஞ்சு, பாத்திரம் கழுவி, உம்மா படுக்க 12 மணி. விடியுறதுக்கு முன்னாடி சாப்பிடுற சஹர் சாப்பாட்டைச் சமைக்க 3.30க்கு எழும்பணும். மூளையில ஹைப்போதலாமஸ்னு ஒரு சின்னப் பகுதி. தூக்கம், பசி, உடம்போட நேரக் கணக்கு எல்லாம் அதன் பொறுப்பு. ஒற்றைத் தலைவலி கிளம்புறதுலயும் அதுக்குப் பங்கு இருக்குன்னு ஸ்கேன் ஆய்வுகள் சொல்லுது. இதுக்கு மேல, தினமும் ஆறு மணிக்குக் குடிக்கிற டீ திடீர்னு நின்னு போகுது. காஃபின் நின்னா ஒரு நாளைக்குள்ளயே தலைவலி வரும்.

இஸ்ரேலோட நெகேவ் பகுதியில ஒற்றைத் தலைவலி உள்ள 32 பேரை வச்சு 2010ல வந்த ஆய்வுல, ரமலான்ல சராசரியா 9.4 நாள் வலி. வேறொரு மாசத்துல 3.7 நாள். இதைப் படிச்சுக் காட்டினப்போ உம்மா அழுதுட்டாங்க. தன் ஈமான்லதான் (இறைநம்பிக்கையிலதான்) குறைன்னு இத்தனை வருஷமா நினைச்சிருக்காங்க.

இந்த நோய் பெண்களுக்குத்தான் அதிகம். வீட்டுல கடைசியா படுத்து முதல்ல எழும்புறதும் அவங்கதான். எனக்குக் கோபம் வர்றது இங்கதான்.

போன வருஷம் ரமலானுக்கு முந்தின மாசமான ஷஅபான்லயே டாக்டர்கிட்ட போனோம். நீண்ட நேரம் வேலை செய்யுற மாத்திரையா பார்த்து, சஹர்ல போடச் சொன்னார். டீயை அப்பவே கொஞ்சம் கொஞ்சமா குறைச்சோம். வலி குறைஞ்சது, ஆனா முழுசா போகல. நாலு நோன்பை விட்டாங்க. அடுத்த மாசம் ஷவ்வால்ல களா செஞ்சாங்க, அதாவது விட்டதை நோத்து ஈடுகட்டினாங்க. நோயாளி வேற நாள்ல நோற்கலாம்னு குர்ஆன்லயே (2:185) இருக்கு. அப்படியும் பேத்தி முன்னாடி தண்ணி குடிக்கக் கூச்சப்பட்டு அடுப்படிக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அந்தக் கூச்சத்தை அவங்களுக்குக் கொடுத்தது நாமதான்.

இந்த வருஷம் சஹர் அடுப்பு காக்காவுக்கும் (அண்ணனுக்கும்) எனக்கும். உம்மா 4.30க்கு எழும்பி, கை கழுவிட்டு உட்கார்ந்தா போதும்.