வௌவால் குருடு என்று கிரிஃபின் சொன்னாரா?

'வௌவாலுக்குக் கண் தெரியாது, அமெரிக்க விஞ்ஞானி டொனால்ட் கிரிஃபின் நிரூபித்துவிட்டார்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

1938-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்த கிரிஃபின், இயற்பியலாளர் பியர்ஸின் ஒலி உணரும் கருவி முன் வௌவால்களைக் கொண்டுபோய், நம் காதுக்கு எட்டாத ஒலியை அவை எழுப்புவதைக் கண்டார். பிறகு சக மாணவர் ராபர்ட் கலம்பாஸுடன் சேர்ந்து, கூரையிலிருந்து கம்பிகள் தொங்கும் அறையில் அவற்றைப் பறக்கவிட்டார். கண்ணைக் கட்டியபோதும் கம்பிகளுக்கு நடுவே லாவகமாகப் போயின. காதை அடைத்தாலோ வாயைக் கட்டினாலோ முட்டிக்கொண்டன. இருட்டில் வழி சொல்வது அவை எழுப்பும் ஒலியின் எதிரொலி என்றுதான் இதற்குப் பொருள். கண் குருடு என்று அவர் எங்கே சொன்னார்?

நம்மூர் ஆலமரத்தில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவாலுக்கோ அந்த எதிரொலி வித்தையே கிடையாது. பகலில் அண்ணாந்து பார்த்தால் நம்மையே முறைக்குமே, அந்த உருண்டைக் கண்ணும் மூக்கும்தான் அதற்கு வழிகாட்டி.