அச்சான முதல் ஆங்கில நூல் பைபிளா?

'ஆங்கிலத்தில் முதலில் அச்சான புத்தகம் பைபிள்தான்' என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது தவறு. ஐரோப்பாவில் அச்சுக்கலையைத் தொடங்கிவைத்த கூட்டன்பர்க் அச்சிட்டது லத்தீன் பைபிள். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

முதல் ஆங்கில அச்சு நூல் டிராய் நகரக் கதை. வில்லியம் காக்ஸ்டன் என்ற வணிகர் பிரெஞ்சிலிருந்து தானே மொழிபெயர்த்து, 1473-74 வாக்கில் இங்கிலாந்துக்கு வெளியே, ஐரோப்பியப் பெருநிலத்தில் அச்சிட்டார். பலர் பிரதி கேட்டார்கள். எழுதி எழுதிப் பேனா தேய்ந்தது, கை ஓய்ந்தது, கண் மங்கியது, அதனால்தான் அச்சுத்தொழில் கற்றேன் என்று அந்த நூலின் முடிவில் அவரே சொல்கிறார். 1476இல் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் போட்டதும் ஆங்கிலக் கவிஞர் சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' வந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: அச்சான கதைகளின் வாசகம் பிழையாக இருக்கிறது என்று ஒரு வாசகர் நேரில் வந்து சொல்ல, அவருடைய அப்பாவிடம் இருந்த நல்ல கையெழுத்துச் சுவடியை வாங்கி 1483 வாக்கில் திருத்திய பதிப்பே போட்டார் காக்ஸ்டன்.

சரி, பைபிள்? 1409 முதல் திருச்சபை அனுமதியின்றி அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கவே தடை. வில்லியம் டின்டேல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு (பைபிளின் இரண்டாம் பகுதி) 1526இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அச்சாகி, இங்கிலாந்துக்குள் கடத்திவரப்பட்டது. முழு பைபிள் ஆங்கிலத்தில் அச்சானது 1535இல்தான்.