ஜெபம் பண்ணிவிட்டுச் சீதனம் பேசுகிறோம்

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களாகிய எங்களைக் கோயில் காரியங்களில் குறை சொல்ல ஏலாது. ஞாயிறு ஆராதனை, வீட்டுக் கூட்டம், லெந்து நாள் உபவாசம் எல்லாம் ஒழுங்காக நடக்கும். கலியாணமும் காணியும் என்று வந்தால்தான் விசுவாசத்தைப் படலைக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம்.

அண்மையில் ஒரு சம்பந்தப் பேச்சுக்குப் போயிருந்தேன். இரண்டு பகுதியும் சபையில் முன்வாங்கு ஆட்கள். "முதல்ல ஒரு ஜெபம் பண்ணிப்போட்டுத் தொடங்குவம்" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. உருக்கமான ஜெபம்தான், பொய் சொல்லக்கூடாது. ஆமென் சொல்லித் தேத்தண்ணி குடித்த கையோடு, "நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை. பிள்ளைக்கு என்ன செய்வியள் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார். பிறகு வீடு, நகை, மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்கும் டொனேஷன் காசு என்று பேச்சு நீண்டது. பெண்ணின் தகப்பன் கடைசிவரை நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைக் கேட்டால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையைக் காட்டுவார்கள். 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த அந்தச் சட்டத்தில் சீதனம் பெண்ணின் சொந்தச் சொத்து. மாப்பிள்ளை வீட்டார் கையில் வாங்கும் டொனேஷனுக்கு அதில் எங்கே இடம்?

காணிக் கதையும் இதுதான். கைமாறுவது ஒரு தொகை, முத்திரைச் செலவு குறைய நொத்தாரிசு உறுதிப் பத்திரத்தில் எழுதுவது வேறு தொகை. வேதத்தில் வரும் வரி வசூலிப்பவரான சகேயுவைப் பற்றிப் பிரசங்கம் வைத்தால் அவர் மரத்தில் ஏறியதையே அரைமணி நேரம் சொல்கிறார்கள். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பேன் என்று சொன்ன இடம் வந்ததும் நேரம் முடிந்துவிடுகிறது.

சாதியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஹண்டி பேரின்பநாயகத்தை மட்டும் சொல்கிறேன். யாழ்ப்பாணக் கல்லூரியில் படிப்பித்த கிறிஸ்தவர். 1927 இல் காந்தியை இங்கே வரவேற்ற வாலிபர் காங்கிரஸின் முன்னோடி, சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாக எதிர்த்தவர். பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கே அதிபரானார். இந்துப் பிள்ளைகளை ஒரு கிறிஸ்தவரிடம் ஒப்படைத்தவர்கள் அவருக்கு எத்தனை வேத வசனம் பாடம் என்று பார்த்தா ஒப்படைத்தார்கள்?

போதகர்மாரிடம் ஒன்று கேட்கிறேன். கோயிலில் கலியாண அறிவித்தல் வாசிக்க முதல் இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டு, டொனேஷன் கைமாறியதா என்று நேரே கேளுங்கள். கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போவார்கள். சரி, போகட்டும்.