பெரிய பேரு மட்டும் போதாது
சென்னை வியாசர்பாடி, புளியந்தோப்பு ஃபுட்பால் கிளப்புகள் பழைய ஸ்டார் பிளேயரையே கோச்சா போடணும்னு எழுதியிருக்கீங்க. ஒத்துக்க முடியல. டி, சி, பி, ஏ, புரோனு கீழிருந்து மேல போற கோச்சிங் லைசென்ஸ்ல சி இருந்தாலே கீழ் டிவிஷனுக்குத் தாராளம். ஒருத்தரை கோச்சா எடுக்கறதுக்கு முன்னாடி 18 பசங்களைக் கொடுத்து ஒரு மணி நேரம் பயிற்சி நடத்தச் சொல்லுங்க. பசங்க வரிசையில நின்னு பந்துக்குக் காத்திருந்தா அந்த ஆள் வேண்டாம்.

காசு மொத்தத்தையும் தலைமை கோச்சுக்கே கொட்டுறதுதான் வழக்கமான தப்பு. கோல்கீப்பர் கோச் இல்லாட்டி கார்னர் பந்துக்கு கீப்பர் கோட்டை விட்டு வரமாட்டார்; மேட்சையே கோட்டை விடுவார்! காயத்தைக் கவனிக்கற பிசியோ வாரம் 2 நாள் வந்தாலும் போதும். கட்டாந்தரையில கணுக்கால்தான் முதல்ல போகும். இன்னொண்ணு, பசங்க வேலைக்குப் போறவங்க. காலை 5.30க்கு கோச் மைதானத்துல இருப்பாரானு கேட்டுக்கோங்க.