வெற்றிலைப் பையில் கிடந்த மாத்திரை

போன மாதம் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். மார்பில் புற்றுநோய். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மஹரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறார். வந்து மூன்று நாளைக்கு ஓயாத வாந்தி. சாமித்தட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் போத்தல் இருந்தது. கஞ்சா எண்ணெயாம். புற்றுநோயைக் கரைத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பித் தம்பி 15,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறான். தோட்டத்தில் எட்டு நாள் பேர் போட்டு வேலை செய்தாலும் கைக்கு வராத காசு.

திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் அந்தச் செடியில் மருந்தே இல்லை என்று சொன்னால் நானும் பொய்தான் சொல்கிறேன்.

கஞ்சாவில் கன்னாபினாய்டுகள் என்ற வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. போதை தருவது டி.எச்.சி. இன்னொன்று சி.பி.டி., அதில் அந்தப் போதை இல்லை. இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலம் 1964இல் டி.எச்.சியைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார். 1992இல் அவருடைய ஆய்வுகூடத்திலேயே, நம் மூளை தானாகச் சுரக்கும் இதுபோன்ற ஒரு பொருளையும் கண்டுபிடித்தார்கள். வைத்த பெயர் ஆனந்தமைட். ஆமாம், நம்ம ஆனந்தம்தான்!

இதில் வேடிக்கை என்னவென்றால், புற்றுநோயைக் கரைக்கும் என்பதற்கு மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் சான்று இல்லை. பெரியம்மாவைப் படுத்திய வாந்திக்குத்தான் சான்று இருக்கிறது. செயற்கையாகத் தயாரித்த டி.எச்.சியான டிரோனாபினோலுக்கு அமெரிக்கா 1985இலேயே அனுமதி கொடுத்தது, கீமோ வாந்திக்காக. அதையும் வழக்கமான மருந்துகள் கேட்காவிட்டால்தான் கொடுப்பார்கள். வழக்கமான மருந்து எது? ஒண்டான்செட்ரான்.

“ஆஸ்பத்திரியில வாந்திக்கு மாத்திரை தரலையா பெரியம்மா?” என்று கேட்டேன். வெற்றிலைப் பையைத் திறந்து காட்டினார். பாக்கோடு பாக்காக ஒண்டான்செட்ரான் அட்டை, ஒன்றுகூடப் பிய்க்காமல். “கேஸ் மாத்திரைனு நெனச்சேன் தம்பி. எனக்கு ஏது கேஸு?” சீட்டில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கிறுக்கியிருந்ததை யார் வாசித்துச் சொல்வது?

என் கோபம் இங்கேதான். கையில் இருக்கும் மருந்தை எப்படிக் குடிப்பது என்று தமிழில் சொல்ல ஆளில்லாத இடத்தில்தான் எண்ணெய் வியாபாரி நல்ல தமிழில் பேசுகிறான்.

இந்தச் சங்கதி தெரிந்து, அதே லயத்தில் வலிப்பு வரும் பிள்ளையின் அம்மாவும் போத்தலைக் கேட்டு வந்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. ட்ராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற கடுமையான வலிப்பு வகைகளுக்குச் சுத்தமான சி.பி.டி. திரவத்தை அமெரிக்கா 2018இல் அனுமதித்தது. ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் என்றால், 20 கிலோ பிள்ளைக்கு 200 மில்லிகிராம். போத்தல் முழுக்கவே 300 என்றுதான் லேபலில் போட்டிருந்தது, அதுவும் உண்மையாக இருந்தால். அப்புறம், அந்தப் பிள்ளை குடிப்பது வல்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து. அதோடு சி.பி.டி. சேர்ந்தால் ஈரலைப் பாதிக்கலாம். இரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடவே கூடாது.

“ஆயுர்வேதத்திலேயே இருக்கிறதே” என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். இருக்கிறது. கஞ்சா சேர்த்து உருட்டும் மதன மோதகத்தை மறுக்கவில்லை. இலங்கையின் 1929ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவைத் தடுத்தாலும் ஆயுர்வேத மருந்துக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் பிடிபட்டு, வழக்கு முடியும்வரை கிடந்த கஞ்சா மருந்துக்குப் போய்க்கொண்டிருந்த நாடு இது. நாள்பட நாள்பட டி.எச்.சி வேறொன்றாக மாறிவிடும். அப்படியானால் ஓர் உருண்டையில் எவ்வளவு இருக்கும்? அளவு தெரியாததை நான் மருந்து என்று சொல்ல மாட்டேன், பரம்பரை வைத்தியர் தந்தாலும் சரி, வாட்ஸ்அப்காரன் தந்தாலும் சரி.

ஏற்றுமதிக்குக் கஞ்சா வளர்த்து டொலர் எடுக்கலாம் என்றும் பேசுகிறார்கள். எடுக்கட்டும். சிவனொளிபாதமலை சீசனில் பையில் ஒரு பொட்டலத்தோடு ஹட்டனில் மாட்டுகிற பொடியன்கள் அப்போதும் மாட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

அடுத்த கீமோவுக்கு முன்னால் மாத்திரை அட்டையில் காலை, இரவு என்று மார்க்கரால் எழுதிக் கொடுத்தேன். இந்தமுறை ஒரே ஒரு தடவைதான் வாந்தியாம். மூன்றாம் நாள் ரொட்டியும் கட்டச்சம்பலும் கேட்டாராம். போத்தல் இன்னும் சாமித்தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காசைத் திருப்பிக் கேட்கத் தம்பி அந்த நம்பருக்கு அடித்துக்கொண்டே இருக்கிறான்.