லயன் கிங் தகராறில் என் கட்சி

"நேரா வீடியோவுக்குன்னு எடுத்த படமெல்லாம் ஒரு படமா சித்தப்பா?" என்று அண்ணன் மகள் கேட்டாள். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது வளர்ந்து இப்படி நீண்டுவிட்டது. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

டிஸ்னியின் லயன் கிங் வரிசையில் 2024 டிசம்பரில் முஃபாசா படம் வந்த நாள் முதல் எங்கள் குடும்பத்தில் இந்தத் தகராறு ஓயவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த்தில் யார் வீட்டு விசேஷமாக இருந்தாலும் சரி, பிரியாணிச் சட்டி இறங்குவதற்குள் யாராவது ஒருவர் கொளுத்திப் போட்டுவிடுவார். 1994-இல் வந்த முதல் லயன் கிங் ஒன்றுதான் படம், மற்றதெல்லாம் காசு பார்க்கிற வேலை என்பது அந்த அண்ணன் பிள்ளையின் கட்சி. வீடியோ கேசட்டில் இருப்பதுதான் அசல், அதற்குப் பிறகு வந்த டிஸ்க் எல்லாமே கை வைத்த சரக்கு என்பது அத்தான் கட்சி. எனக்கு இரண்டிலும் பாதிப் பாதி உடன்பாடு உண்டு. ஆனால் ரெண்டு பேருமே டப்பாவின் மேல் அச்சடித்திருப்பதை நம்பித்தான் வாதாடுகிறார்கள். அங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை.

முதலில் இரண்டாம் பாகம், சிம்பாஸ் பிரைட். 1998 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவில் கேசட்டாக வந்தது. அங்கே தியேட்டர் பக்கமே போகவில்லை. முதல் படத்தை வரைந்த ஆட்கள் இதை வரையவில்லை. டிஸ்னியின் டி.வி. பிரிவு செய்த படம், பெரும்பகுதி வேலை சிட்னியில் நடந்தது. செலவைக் குறைத்திருக்கிறார்கள் என்பது பார்த்தாலே தெரியும். முதல் படத்துக் காட்டெருமைக் கூட்டத்தின் ஓட்டம் இரண்டரை நிமிடம்தான், அதற்கே இரண்டு வருஷத்துக்கு மேல் உழைத்தார்கள். இதில் அப்படி ஒரு காட்சியைத் தேடாதீர்கள், கிடைக்காது. நாயகன் சிம்பாவின் தோழர்கள் டிமோனும் பும்பாவும் சில இடங்களில் சும்மா இடத்தை அடைக்கிறார்கள். இதையெல்லாம் நான் மறுக்கப் போவதில்லை.

ஆனால் கோவு துரத்தப்படும் இடத்தை மட்டும் இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். நாடு கடத்தப்பட்ட கூட்டத்தில் ஜிரா என்ற பெண் சிங்கம் வளர்த்த பிள்ளை அவன். ராஜா சிம்பாவைக் கொல்ல அனுப்பப்பட்டவன், மனம் மாறி நிற்கும்போது பழி அவன் தலையில் விழுகிறது. சுற்றி நிற்கும் மிருகங்கள் எல்லாம் சேர்ந்து, இவன் நம்மில் ஒருத்தன் இல்லை என்று பாடியே விரட்டுகின்றன. ஓடுகிறவன் வழியில் தண்ணீரைப் பார்க்கிறான். அதில் அவன் முகத்துக்குப் பதில் முதல் படத்து வில்லன் ஸ்காரின் முகம் தெரிகிறது. அவன் ஸ்காரின் மகன்கூட இல்லை. ஆனாலும் மற்றவர்கள் சொல்லிச் சொல்லி, அவன் கண்ணுக்கே அப்படித் தெரிய ஆரம்பித்துவிட்டது. சிறுவர் படத்தில், அதுவும் நேரே வீடியோவுக்கு எடுத்த படத்தில், இது சாதாரண காரியம் இல்லை.

எனக்கு அது உறைத்ததற்குக் காரணம் இந்த ஊர். இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரிக்க 1950-இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. டர்பனின் கேட்டோ மேனரில் காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்தவர்களை மூட்டை கட்ட வைத்துத்தான் 60-களில் சாட்ஸ்வொர்த்தை நிரப்பினார்கள். எங்கள் தாத்தா குடும்பமும் அப்படி வந்ததுதான். இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் அவன் என்று கோடு போட்ட நாட்டில் வளர்ந்தவனுக்கு, கோடு போட்ட சிங்க நாடு வேறு மாதிரிதான் தெரியும்.

தேதியையும் பாருங்கள். கேசட் வெளியாகி இரண்டாம் நாள், அக்டோபர் 29 அன்று, இனவெறி ஆட்சிக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கையை பிரிட்டோரியாவில் அதன் தலைவர் டெஸ்மண்ட் டூட்டு மண்டேலா கையில் கொடுத்தார். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, தெரியும். சிட்னியில் சிங்கம் வரைந்தவர்கள் டூட்டுவை நினைத்து வரைந்திருக்கப் போவதில்லை. ஆனாலும் பகை கொண்ட இரண்டு கூட்டம் கடைசியில் ஒன்றாகும் கதையை அந்த நாட்களோடு சேர்க்காமல் என்னால் நினைக்க முடிவதில்லை. என் குறையும் அங்கேதான். சிம்பாவின் மகள் கியாரா நடுவில் வந்து நின்று நாலு வார்த்தை பேசியதும் எல்லாரும் சமாதானம் ஆகிவிடுகிறார்கள். அத்தனை சுலபத்தில் இங்கே எதுவும் ஆகவில்லை.

அடுத்து, காது. லயன் கிங்கைப் பற்றி உலகம் முழுக்கப் பேசுகிறவர்கள் கண்ணால் பார்த்தே மார்க் போடுகிறார்கள். ஜூலு மண்ணான குவாசுலு-நட்டாலில் இருந்துகொண்டு அப்படிச் செய்தால் நமக்கு அது அழகில்லை. படம் தொடங்கி சூரியன் எழும்போது கேட்கும் அந்த ஜூலு குரல் சொவேட்டோக்காரரான லெபோ எம்முடையது. இனவெறி ஆட்சியின் போது ஊரை விட்டுப் போனவர். 1992-இல் வந்த பவர் ஆஃப் ஒன் படத்தில் இசையமைப்பாளர் ஹான்ஸ் சிம்மரோடு வேலை செய்த பழக்கத்தில்தான் இதற்குள் வந்தார். சிம்மர் ஆஸ்கர் வாங்கினார், எல்டன் ஜானும் டிம் ரைஸும் பாட்டுக்கு வாங்கினார்கள். சரி, வாங்கட்டும். ஆனால் அந்த முதல் குரலை எடுத்துவிட்டு அந்தப் படத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

இரண்டாம் பாகமும் அதே ஆளின் குரலில்தான் தொடங்குகிறது. ஹி லிவ்ஸ் இன் யூ என்ற அந்தப் பாட்டு 1995-இல் ரிதம் ஆஃப் தி பிரைட் லேண்ட்ஸ் ஆல்பத்தில் வந்தது. 1997-இல் பிராட்வே மேடைக்கும் போனது. மலிவுப் படம் என்று நாம் ஒதுக்கிவைத்த கேசட்டின் முதல் மூன்று நிமிடத்தில் அது இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது தியேட்டர் படம், எது வீடியோ படம் என்று பிரித்துச் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. 2007-இல் ஜோஹானஸ்பர்க் மாண்டேகாசினோவின் டியாட்ரோ அரங்கம் லயன் கிங் மேடை நாடகத்தோடுதான் திறக்கப்பட்டது. நாடகமாகப் பார்த்தவர்களிடம் கேளுங்கள், மனதில் நிற்பது எது என்று. அவர்கள் முதலில் சொல்வது பாட்டாகத்தான் இருக்கும்.

மூன்றாம் பாகத்துக்கு அதிக இடம் வேண்டாம். அமெரிக்காவில் அதன் பெயர் ஒன்றரை, பல நாடுகளில் மூன்று. 2004-இல் வந்தது. டிமோனும் பும்பாவும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு முதல் படத்தையே ஓட்டியும் நிறுத்தியும் பார்க்கிற குறும்புக்காகவே அதை மன்னிக்கலாம். முதல் கதையையே 2019-இல் திரும்ப எடுத்த படம் 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, ஆனால் சிங்கத்தின் முகத்தில் ஒரு உணர்ச்சியும் வரவில்லை. தமிழ் டப்பிங்கில் மட்டும் ஒரு சுவாரசியம். முதல் படத்தின் தமிழில் சிம்பாவுக்குக் குரல் கொடுத்த அரவிந்த்சாமி, 2019-இல் ஸ்காருக்குக் கொடுத்தார். (நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு சிம்பா என்றால் முதலில் சிப்ஸ் பாக்கெட்தான், அது வேறு கதை.)

இனி அத்தான் கட்சி. இவர் சொல்வதில் நியாயம் அதிகம்.

1994 படத்தைக் காகிதத்தில் வரைந்தார்கள், வண்ணம் தீட்டியது கம்ப்யூட்டரில். அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஃபைலாக அவர்கள் கையில் இருந்தது. 2002 டிசம்பரில் ஐமேக்ஸ் திரைக்காக அதைத் திறந்து மெருகேற்றினார்கள். பெரிய திரையில் சின்னக் குறைகூடப் பூதாகரமாகத் தெரியுமே. சிம்பா ராஜாவாகப் போகிறேன் என்று துள்ளிப் பாடும் பாட்டில் வரும் முதலைகளைப் புதிதாக வரைந்தார்கள். மேடை நாடகத்திலிருந்து மார்னிங் ரிப்போர்ட் பாட்டைக் கொண்டுவந்து செருகினார்கள். அந்தப் பாட்டில் ஜாஜு என்ற பறவைக்கு, படத்தில் அதற்குக் குரல் கொடுத்த ரோவன் அட்கின்சன் பாடவில்லை, வேறொருவர் பாடியிருக்கிறார். பேச்சிலிருந்து பாட்டுக்குத் தாவும்போது குரல் மாறுவது நன்றாகவே தெரியும்.

2003-இல் பிளாட்டினம் டிவிடி வந்தது. புதுப் பாட்டோடு ஒரு பதிப்பு, தியேட்டரில் வந்த அசல் பதிப்பு ஒன்று, விருப்பம் போல் பாருங்கள் என்றார்கள். நல்லதுதான் என்று அசலைப் போட்டால் அதிலும் புது முதலை! 2011 ப்ளூ-ரேயில் அந்தப் பாட்டை எடுத்துவிட்டார்கள், முதலை மட்டும் போகவில்லை. சிம்பா பாறையில் சாய்ந்து விழும்போது கிளம்பும் தூசியில் ஆபாசமாக மூன்று எழுத்து தெரிகிறது என்று 90-களில் அமெரிக்காவில் கூச்சல் கிளம்பியது. அது சிறப்புக் காட்சிக்காரர்கள் விட்ட 'எஸ்எஃப்எக்ஸ்' என்று விளக்கம் சொன்னார்கள். பின்னால் வந்த பதிப்புகளில் அந்தத் தூசியையும் மாற்றிவிட்டார்கள். 2022-இல் இங்கே வந்த டிஸ்னி பிளஸ்ஸில் பார்த்துவிட்டு 1994 படம் ஒன்றுதான் படம் என்று சத்தியம் செய்கிற பிள்ளைக்கு ஒரு தகவல்: நீ பார்த்தது 1994 படம் இல்லை கண்ணு.

அப்படியானால் அசல் எங்கே இருக்கிறது? 1995-இல் வந்த கேசட்டில் இருக்கிறது. 3 கோடிக்கு மேல் விற்ற கேசட் அது. நான் அத்தானை விட்டு விலகுகிற இடமும் இதுதான். அவருடைய கேசட்டைப் போன மாதம் திறந்து பார்த்தோம். ஓரத்து மூடியைத் தூக்கினால் நாடாவின் விளிம்பு முழுக்க வெள்ளையாய்ப் பூத்திருக்கிறது. டர்பன் ஈரக் காற்று எதைத்தான் விட்டுவைத்தது? பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, சக்கரத்தை விரலால் சுற்றிச் சுற்றி அவர் துடைத்த பொறுமையைப் பார்த்தால் கோயில் விளக்குத் துடைக்கிற ஆயா ஞாபகம் வந்தது. துடைத்த பிறகும் படத்தின் கீழ் ஓரத்தில் கோடு ஓடியது, நிறம் வெளிறியிருந்தது, இரு பக்கமும் சதுர டி.வி.க்காக வெட்டியிருந்தது. முதலை அசல், சந்தேகமில்லை. ஆனால் தியேட்டரில் பார்த்த படம் அது இல்லை. அமெரிக்க டிஸ்க் வாங்கிப் பார்க்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு ஒன்று: நம் நாடு டிவிடிக்கு 2-ஆம் மண்டலம், ப்ளூ-ரேக்கு பி. ஓடாவிட்டால் என்னைத் திட்டாதீர்கள்.

இத்தனை திருத்தம் செய்தவர்கள் பல வருஷம் திருத்தாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. டிமோனும் பும்பாவும் காட்டுவழியில் பாடிக்கொண்டே போவார்கள், பும்பா ஒரு பூச்சியைத் துரத்திக்கொண்டு போக, அடுத்த நொடி நாலா என்ற பெண் சிங்கம் பாய்வாள். அவர்கள் பாடும் தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட் எங்கிருந்து வந்தது? நம் டுகேலா ஆற்றுப் பக்கத்து ம்சிங்காவிலிருந்து. அங்கே 1909-இல் பிறந்த சாலமன் லிண்டா, 1939-இல் ஜோஹானஸ்பர்க் கேலோ ஸ்டூடியோவில் தன் ஈவினிங் பேர்ட்ஸ் குழுவோடு ம்பூபே என்ற பாட்டைப் பதிவு செய்தார். உலகமே முணுமுணுக்கும் அந்த மெட்டு, பதிவு முடியப்போகிற நேரத்தில் அவர் வாயில் தானாக வந்தது. உரிமைக்கு அவருக்குக் கிடைத்தது 10 ஷில்லிங். பாட்டு அமெரிக்கா போய் வீவர்ஸ் குழுவிடம் ஒரு பெயர், 1961-இல் டோக்கன்ஸ் குழுவிடம் இன்னொரு பெயர் வாங்கிக்கொண்டது. அடுத்த வருஷம் லிண்டா வறுமையில் செத்தார். அவர் சமாதிக்குக் கல் வைக்கவே 18 வருஷம் ஆனது.

2000-இல் ரயன் மாலன் என்ற நம் நாட்டுப் பத்திரிகையாளர் ரோலிங் ஸ்டோனில் எழுதிய பிறகுதான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது. வழக்கறிஞர் ஓவன் டீன் 1911-ஆம் வருஷத்துப் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார். பாட்டுக்காரர் இறந்து 25 வருஷம் ஆனால் உரிமை வாரிசுக்குத் திரும்பும் என்று அதில் இருந்தது. கணக்குப் போட்டால் 1987. படம் வருவதற்கு ஏழு வருஷம் முன்பே பாட்டு லிண்டாவின் பெண்களுடையது! 2004-இல் டிஸ்னி மேல் வழக்குப் போட்டார்கள், இங்கே பதிவாகியிருந்த டிஸ்னியின் வணிகச் சின்னங்களைக்கூட நீதிமன்றம் முடக்கிவைத்தது. டிஸ்னி அபிலீன் மியூசிக் நிறுவனத்திடம் உரிமம் வாங்கித்தான் பாட்டைப் பயன்படுத்தியது, அதையும் சொல்ல வேண்டும். 2006-இல் அபிலீனோடு சமரசம் ஆனது. லிண்டாவையும் பாட்டின் ஆசிரியர்களில் ஒருவராக ஒப்புக்கொண்டார்கள், குடும்பத்துக்குப் பணமும் வந்தது. நான்கு பெண்களில் ஒருத்தி அதற்கு முன்பே இறந்துபோயிருந்தாள்.

முதலைக்குப் புது உடம்பு கொடுத்த 2002-இல் இந்தச் செய்தி ஊர் முழுக்கத் தெரியும். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆகையால் பிள்ளை, உன் பட்டியலில் இரண்டாம் பாகத்துக்கு இடம் கொடு, பாட்டுக்காகவாவது கொடு. அத்தான், உங்கள் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்போம், இன்னொரு மழைக்காலம் அது தாங்காது. என்னிடம் இருக்கும் வி.சி.ஆர். நாடாவைத் தின்கிறது. ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த், டோங்காட் பக்கம் யாரிடமாவது ஒழுங்காக ஓடுகிற மெஷின் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், வாடகை தருகிறேன்.