மணி அடிக்கிறது, குரல் வரவில்லை

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குள் கைப்பேசிச் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறுவதில்லை என்பதால், ரௌட்டரோடு ஓர் அடாப்டரை இணைத்து, அதில் பழைய மேசைத் தொலைபேசியைச் செருகி இணையம் வழியே பேசலாம் என்று நினைத்தேன். (வாட்ஸ்அப் இருக்கிறதே என்பீர்கள், எண்பது வயது அம்மாவின் கைக்கு அந்த ரிசீவர்தான் பழக்கம்.) பயனர் பெயர், கடவுச்சொல், 5060 என்ற போர்ட் எண் (தரவு வந்துபோகும் வாயிலின் எண்) எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து உள்ளிட்டேன், பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் அம்மா பேசுவது குன்னூரில் இருக்கும் அக்காவுக்குக் கேட்கிறது, அக்கா பேசுவது இங்கே கேட்பதில்லை. அழைப்பை இணைக்கும் செய்தி ஒரு வழியிலும், குரல் வேறு போர்ட்டுகளிலும் செல்வதால், இணைய அழைப்புகளுக்கு வழிவிடுவதற்கென ரௌட்டரிலுள்ள ‘சிப் ஏஎல்ஜி’ என்னும் வசதி, உதவுவதாக எண்ணிக்கொண்டு, குரல் போய்ச் சேரவேண்டிய இணைய முகவரிகளைத் தவறாகத் திருத்திக் குரலைத் தொலைத்துவிடக்கூடும் என்பது மூன்று மாலைகள் கழித்தே எனக்கு விளங்கியது. அதை அணைக்கும் கட்டமோ தொட முடியாதபடி சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. சேவை மையத்தில் கேட்டால், “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்” என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. நேற்று நான்காவது முறையாக ரீஸ்டார்ட் செய்துகொண்டிருக்கையில், காற்றில் எங்கோ மரம் சாய்ந்து மின்சாரமே போய்விட்டது.